நிற்காத பெருமை

“ஒரு ஸ்க்ரூகூட மாத்தல சார். கம்பெனியிலேர்ந்து எப்படி வந்துச்சோ, அப்படியே இருக்கு!”

பழைய கார் விற்கிறவர், வைத்திருக்கிறவர், கண்காட்சிக்குக் கொண்டுவந்து சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்துகிறவர் என எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற வாசகம் இது. கேட்கிற நாமும் தலையை ஆட்டி ‘அடடா’ போடுகிறோம். அடுத்த தடவை யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள். “பிரேக்குமா?”

முகம் மாறுவதைப் பார்க்கலாம். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் மாட்டியிருப்பவர், குடும்ப ரகசியம் வெளியே வந்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்துவார். மாட்டாதவர் குரலை உயர்த்துவார். பழைய ஃபியட்டில் டிஸ்க் பிரேக் மாட்டுவது, ஆயிரம் வருஷத்துக் கோயிலில் டைல்ஸ் ஒட்டுவதற்குச் சமமான பாவம் என்று நம்புகிற கூட்டம் ஒன்று ஊருக்கு ஊர் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தோடு எனக்குச் சண்டை. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற வண்டிகளோடு பொதுச் சாலையில் ஓடுகிற பழைய கார் எதுவானாலும் அதன் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட வேண்டும். ஒழுங்காகப் போட வேண்டும். ‘முடியாது, ஒரிஜினல்தான் எனக்கு உயிர்’ என்றால் தாராளமாக ஷெட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருங்கள். ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். உங்கள் உயிர் சரி, ரோட்டில் மற்றவர்களுடைய உயிரும் போய்வந்துகொண்டிருக்கிறது.

பிரேக் அப்படி என்னதான் செய்கிறது? நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னால் எல்லோருக்குமே புரிந்துவிடும். ஓடுகிற காரின் கணக்கில் வேகம் என்று ஒரு தொகை ஏறியிருக்கிறது. கார் நிற்க வேண்டுமானால் அந்தக் கணக்கு பூஜ்யமாக வேண்டும். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் குறைத்தால் இன்னொரு பக்கம் எழுதியாக வேண்டும் அல்லவா? பிரேக் அதைச் சூடு என்ற பெயரில் எழுதுகிறது.

எவ்வளவு சூடு? பிரீமியர் பத்மினி 900 கிலோவை ஒட்டிய கார். அப்பா, அம்மா, பிள்ளைகள், பெட்டி, புளியோதரைத் தூக்கு எல்லாம் ஏற்றினால் 1,250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் போகிற அந்தக் காரை ஒரே மிதியில் நிறுத்தினால் பிறக்கிற சூடு, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கு இது. 40 கி.மீ. வேகம் என்றால் அரை லிட்டர் இல்லை, கால் லிட்டர்தான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. கந்துவட்டிக்காரர்கூட இப்படிக் கணக்குப் போட மாட்டார்.

இப்போது இந்தக் குடும்பத்தை ஊட்டிக்கு அனுப்புவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்குகிற உயரம் சுமார் 1,900 மீட்டர். கீழே வந்து சேர்வதற்குள் தீர்க்க வேண்டிய கணக்கு, கிட்டத்தட்ட 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. குடத்தில் சொன்னால் ஐந்து குடம். செகண்ட் கியரில் உறுமிக்கொண்டே இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் பிரேக் தலையில்.

டிரம் பிரேக் ஒரு மூடிபோட்ட அண்டா. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் அவை விரிந்து, சுற்றுகிற டிரம்மின் உள்சுவரில் அழுத்திப் பிடிக்கின்றன. சூடு அண்டாவுக்குள்ளேயே பிறக்கிறது. வெளியே போக சுருக்குவழி கிடையாது. இரும்பு சூடானால் விரியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். டிரம் விரிந்தால் அதன் சுவர் ஷூவை விட்டு விலகிப்போகிறது. லைனிங்கும் காய்ந்து பிடிமானத்தை இழக்கிறது. பத்து வளைவுக்கு முன்னால் பாதி மிதியில் நின்ற கார், இப்போது முழு மிதிக்கும் யோசிக்கிறது.

டிஸ்க் பிரேக்கில் அண்டாவே இல்லை. வட்டத் தகடு ஒன்று வெட்டவெளியில் சுற்றுகிறது. அதை இரண்டு பக்கத்திலிருந்தும் காலிப்பர் கிடுக்கி மாதிரி பிடிக்கிறது. சூடானால் தகடு தடித்து பேடை நோக்கித்தான் வரும், விலகிப்போகாது. காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. மழைத் தண்ணீர் பட்டால் சுற்றுகிற வேகத்தில் சிதறிப்போகிறது. டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று பழைய டிரைவர்களைக் கேளுங்கள். “தண்ணியில இறங்கி ஏறினா, கொஞ்ச தூரம் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போகணும் தம்பி, காயணும்ல?” என்பார்கள். காய்கிற வரைக்கும் முன்னால் யாரும் குறுக்கே வராமல் இருக்க வேண்டும். நம் ஊரில்!

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல லைனிங், சரியான அட்ஜஸ்ட்மென்ட், ஆறிய டிரம் - இந்த மூன்றும் இருந்தால் டிரம் பிரேக்கும் முதல் மிதியில் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிடும். அந்த நிலையில் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவுசெய்வது டயர்தான். ஆகவே, வழுக்கை டயரோடு ஓட்டிக்கொண்டு டிஸ்க் பிரேக் பற்றிப் பேசுகிறவர் முதலில் டயர் மாற்றட்டும். பின் சக்கரத்திலும் டிரம் இருந்துவிட்டுப் போகட்டும். பிரேக் அடித்தால் கார் முன்பக்கமாகக் குனிகிறது, பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது, அங்கேதான் வேலை அதிகம். இன்றைக்கும் ஷோரூமிலிருந்து வருகிற பல சின்னக் கார்களில் பின்னால் டிரம்தான். சண்டை முன் சக்கரங்களைப் பற்றி மட்டும். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது மிதியைப் பற்றி. மழையைப் பற்றி.

சரி, இந்த ‘ஒரிஜினல்’ என்ற கிரீடத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நம் பத்மினி யார்? இத்தாலியின் டுரின் நகரத்து ஃபியட் கம்பெனியின் 1100டி. 1964-ல் பம்பாயில் செய்ய ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் கழித்து பத்மினி என்று பெயர் வந்தது. அதே 1100-க்கு டுரினில் என்ன ஆயிற்று? 1966-ல் அதன் அடுத்த மாடல் 1100ஆர் வந்தது. அதில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பெற்ற தாயே இரண்டு வருஷத்தில் டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டாள். தத்து எடுத்தவர்கள் 2000 வரைக்கும் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இது கம்பெனிக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. ஜாகுவார் 1953-லேயே டிஸ்க் பிரேக் போட்ட பந்தயக் காரை லெ மான் 24 மணி நேரப் போட்டியில் ஓட்டி ஜெயித்துவிட்டது. 1955-ல் சிட்ரன் டி.எஸ்., குடும்பத்தோடு கடைக்குப் போகிற காரிலேயே முன் டிஸ்க் பிரேக்கைக் கொண்டுவந்தது. நம்முடைய அம்பாசடர் பிறந்ததே அதற்கப்புறம்தான். அம்பாசடரில் உறுமிய பி-சீரிஸ் எஞ்சினின் அண்ணன் தம்பி ஒன்றை வைத்து 1962-ல் இங்கிலாந்தில் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதற்கு முன்னால் டிஸ்க்.

நமக்கு மட்டும் ஏன் வரவில்லை? இதற்கு மெக்கானிக் தேவையில்லை, என்னை மாதிரி பி.காம். போதும். லைசென்ஸ் ராஜ். கார் செய்ய அனுமதி பெற்ற கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எத்தனை கார் செய்யலாம் என்று டெல்லி சொல்லும். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஜனங்கள் க்யூவில் நின்றார்கள். எப்படிச் செய்தாலும் விற்றுவிடும் என்கிறபோது எந்த முதலாளி பிரேக்கை மாற்றச் செலவு செய்வார்? புதுசாக ஒரு பார்ட்டை இறக்குமதி செய்யவோ, அதற்கு அச்சு அடிக்கவோ இன்னொரு அனுமதி, இன்னொரு ஃபைல். போட்டி வந்த பிறகுதான் சொரணை வந்தது. அம்பாசடரின் பிற்கால மாடல்களில் முன் டிஸ்க் பிரேக் எட்டிப்பார்த்தது. 2014-ல் உத்தர்பாராவில் அந்த ஃபேக்டரியே நின்றுபோனது.

ஆக, நீங்கள் பாரம்பரியம் என்று பூஜை செய்கிற அந்த முன் டிரம்மில் இருப்பது ஒரு எஞ்சினீயரின் கனவு அல்ல. க்யூவில் நின்ற உங்கள் அப்பாவை ஒரு பொருட்டாகவே மதிக்காத சந்தை அது. அவருக்கு வேறு வழி இல்லை, அதை ஓட்டினார். உங்களுக்கு வழி இருக்கிறது. ‘அப்பா டெலிபோனுக்கு ஏழு வருஷம் காத்திருந்தார், அதனால் நானும் காத்திருக்கிறேன்’ என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா?

“அந்தக் காலத்துல இதே பிரேக்கை வெச்சுக்கிட்டு காஷ்மீர் வரைக்கும் போயிட்டு வந்தோமே!” என்று ஒரு குரல் கேட்கிறது. போனீர்கள். எதிரே வந்த காரிலும், முன்னால் போன லாரியிலும் அன்றைக்கு டிரம் பிரேக்தான். எல்லோரும் மெதுவாகப் போனார்கள், எல்லோரும் மெதுவாக நின்றார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கிற புதுக் கார் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். நான்கு வழிச் சாலையில் உங்களுக்கு முன்னால் போகிற பையன், குறுக்கே ஓடிய நாய்க்காக அழுத்தினால் சட்டென்று நின்றுவிடுவான். பின்னால் 1970-ன் பிரேக்கோடு நீங்கள் வருவது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பின் சீட்டில் குழந்தை இருக்கிறது. இது கார்க்காரர்கள் விவகாரம்கூட இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்துப்போன பாதசாரிகள் மட்டும் 32 ஆயிரத்துக்கும் மேல். அவர்களை அடித்தவை பழைய கார்கள் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒரு நாட்டு ரோட்டில், ஷோக்குக்காக ஓட்டுகிற வண்டிக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த சமாதானம்: “நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சார் எடுப்பேன்.” அது இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். புதுசாக ஊற்றுகிற டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் குடித்த பிறகு அதே ஆயிலுக்கு 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் வெறும் காற்றை மிதிக்கும். போதாததற்கு, நின்றுகொண்டே இருக்கிற வண்டியில் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகும், ரப்பர் காய்ந்து கசியும். அதோடு, அந்தக் காலத்துக் கார் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். ஓர் இடத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் சொல்வார்: “எஞ்சின்ல கோளாறுன்னா வண்டி நின்னுடும் சார். பிரேக்ல கோளாறுன்னா நிக்காது. ஆனா, எல்லாரும் எஞ்சினைத்தான் பாக்கச் சொல்றாங்க.”

பரம சுத்தக்காரர்களையாவது மன்னிக்கலாம். இன்னொரு ரகம் இருக்கிறது. ஏ.சி. மாட்டுவார்கள். காது கிழிகிற ஸ்பீக்கர் மாட்டுவார்கள். பழைய எஞ்சினைத் தூக்கிப்போட்டுவிட்டு பவர் கூடுதலான எஞ்சினை இறக்குவார்கள். பெயின்ட்டுக்கும் குரோம் பூச்சுக்கும் ரெக்ஸினுக்கும் லட்சத்தில் செலவழிப்பார்கள். பிரேக் என்றால் மட்டும் ‘ஒரிஜினலா இருக்கட்டுமே’ என்று திடீர்ப் பற்று வந்துவிடும். காரணம் சுலபம். பிரேக் வெளியே தெரியாது, போட்டோவில் விழாது. இந்தக் காரைத்தான் பூ அலங்காரம் பண்ணிக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பட்டுப்புடவையோடு பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் ‘இதில் வேகத்தை மட்டும் கூட்டியிருக்கிறோம், நிறுத்துவதைக் கூட்டவில்லை’ என்று யார் சொல்கிறார்கள்?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பழைய இரும்புக் கடையில் ஏதோ ஒரு காரின் காலிப்பரைப் பொறுக்கி, வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஒட்டிவிடாதீர்கள். அரைகுறை டிஸ்க்கைவிட ஒழுங்கான டிரம் ஆயிரம் மடங்கு மேல். டிரம்மில் ஒரு தந்திரம் உண்டு. சுற்றுகிற வேகமே முன் ஷூவை உள்ளே இழுத்து இறுக்கும், அதனால் கால் பலம் குறைவாகப் போதும். டிஸ்க்கில் அந்தச் சலுகை கிடையாது. பூஸ்டர் வைக்காவிட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும். மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். டிரம் பிரேக்குக்கான சிலிண்டரில் காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற சின்ன வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் டிஸ்க்கின் பேட் விலகாமல் தேய்த்துக்கொண்டே வரும், கொஞ்ச தூரத்தில் சக்கரம் அடுப்பாகிவிடும். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ள இரட்டைச் சிலிண்டராகப் போடுங்கள். என்னைக் கேட்டால் டிஸ்க்குக்குச் சமமான லாபம் அதுதான். முன்-பின் பங்கீடும் சரியாக இருக்க வேண்டும். பின் சக்கரம் முந்திக்கொண்டு இறுகினால் கார் பம்பரமாகச் சுற்றும். காலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட், அளவெடுத்துக் கடைந்து போல்ட் போட்டதாக இருக்கட்டும். காரின் ஒரிஜினல் பாகம் எதையும் அறுக்கக் கூடாது, துளை போடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் அரசாங்கத்தைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தம், எந்த மாற்றங்களை எந்த நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு விதி செய்யலாம் என்றது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பருக்கு இடம் இருக்கிறது, சேசிஸ் நம்பருக்கு, நிறத்துக்குக்கூட இடம் இருக்கிறது. பிரேக் வகைக்கு ஒரு கட்டம் கிடையாது. 2021-ல் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி போட்டார்கள். 50 வயது தாண்டிய கார், பெரிய அளவில் மாற்றப்படாமல் இருந்தால் 20 ஆயிரம் ரூபாய் கட்டி தனி நம்பர் வாங்கலாம். பெரிய மாற்றம் என்று அங்கே பெயர் சொல்லியிருப்பது சேசிஸ், பாடி, எஞ்சின். பிரேக்கைப் பற்றிப் பேச்சு இல்லை. இப்படி மௌனமாக இருந்தால் ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் ஒரு வியாக்கியானம் பிறக்கும், வியாக்கியானம் பிறக்கிற இடத்தில் வேறு சிலதும் பிறக்கும். ‘பழைய காரில் முன் டிஸ்க் பிரேக்கும் இரட்டை லைனும் போடலாம், இன்ன தரத்தில், இன்னாரிடம் சோதித்து’ என்று நான்கு வரி எழுத ஒரு அரசாங்கத்துக்கு எத்தனை வருஷம் வேண்டும்?

கிளப்காரர்களே, உங்களுக்கு உங்கள் வேதத்தையே காட்டுகிறேன். உலகப் பழைய வாகன அமைப்பான ஃபிவாவின் ‘டுரின் சாசனம்’ இருக்கிறதே (பாருங்கள், திரும்பவும் டுரின்!), அது ரோட்டில் ஓடுகிற பழைய வண்டிக்குத் தேவையான மாற்றத்தைத் தடுக்கவில்லை. குறைவாகச் செய், கண்ணை உறுத்தாமல் செய், திரும்பப் பழையபடி மாற்றக்கூடியதாகச் செய், கழற்றியதைப் பத்திரமாக வை என்றுதான் சொல்கிறது. உங்கள் போட்டிகளில் ‘ஒரிஜினாலிட்டி’க்கு மார்க் போடுகிறீர்களே, டிஸ்க் போட்டவருக்கு மார்க்கைக் குறைக்காதீர்கள். போட்டிக்கு ஓட்டிக்கொண்டு வருகிற காருக்கு வாசலிலேயே ஒரு பிரேக் டெஸ்ட் வையுங்கள். முன்-பின் லைன் ஒன்றா இரண்டா, ஆயில் எப்போது மாற்றியது, எத்தனை அடியில் நிற்கிறது என்று கேளுங்கள்.

கழற்றிய டிரம்மை எடைக்குப் போட வேண்டாம். ஷூ, ஸ்ப்ரிங், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, எது இடது எது வலது என்று சீட்டு எழுதிச் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியை மட்டும் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். கண்காட்சிக்கு முதல் நாள் இறக்கி மாட்டினால் ஒரு பகல் வேலைதான். அப்படி மாட்டினால் காரை மைதானத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.